திருநாவுக்கரசுவின் மூணு மணி நேரம்

திருநாவுக்கரசு மாதிரி பேசுவது சுலபம். முதலில் நாடியை உயர்த்த வேண்டும். கண்ணைப் பாதி மூட வேண்டும். எதிரில் நிற்பவன் ஒரு வாரமாகக் குளிக்காதவன் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூக்கு வழியாக, "மூணு மணி நேரம். என்ன? மூணே மணி நேரம்" என்றால் போதும். போர்ட் பிளேயர் தமிழர்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

ஓர் அரசாங்க ஸ்டோரில் ஆணி, கயிறு, தகரம், பெயின்ட் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஓர் இந்திய வரைபடம் தொங்கியது. மாற்றலாகிப் போன எஞ்சினியர் ஒருவர் எடுத்துப்போக மறந்தது. அதில் போர்ட் பிளேயரில் ஓர் ஆணி, மெட்ராஸில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற நூலை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். நீலக் கடலுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு. அதைச் சுண்டினால் வீணை மாதிரி ஒரு சத்தம் வரும். யார் ஆணி வாங்க வந்தாலும் முதலில் அதைச் சுண்டுவார்.

"எழுநூத்தி நாப்பது மைல். பிளேன் மணிக்கு எவ்வளவு போகும், சொல்லு?"

"தெரியலண்ணே. ரெண்டு கிலோ ஆணி..."

"மூணே மணி நேரம். காலையில இட்லி இங்க, மத்தியானச் சோறு மெட்ராஸ்ல. நீங்க கப்பல்ல நாலு நாளு வாளியக் கட்டிப்புடிச்சிக்கிட்டுக் கெடங்க. உவ்வே. உவ்வே."

அந்த உவ்வேயை அவர் நன்றாகவே செய்வார். கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கப்பலில் போய் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த பெயர் வாளிக்காரர்கள்.

ஆனால் ஐம்பத்திரண்டில் ராமநாதபுரம் பக்கத்து ஊரிலிருந்து தாய்மாமனோடு கிளம்பி, இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது அவரும் கப்பலில்தான். அப்போது மீசை அரும்பாத வயது. ஊரிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ரயில் பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார். கண்ணை மூடித் திறந்தால் எழும்பூர். அதற்குப் பிறகு கப்பலில் கண்ணை மூட முடியவில்லை, வாயையும் மூட முடியவில்லை. தரை கண்சிமிட்டும் தூரம், தண்ணீர் சாகிற தூரம். பயணம் பற்றி அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அதைத்தான் பிறகு எல்லோருக்கும் சொன்னார். "தண்ணிதான்டா தூரம். தரை என்ன தூரம்? தண்ணியத் தாண்டிட்டா வேட்டிய மடிச்சிக் கட்டிட்டு நடந்தே போயிரலாம்."

யாரும் மறுக்கவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்களுக்குத் தெரிந்த நீளமான ரோடு வண்டூர் ரோடு. பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்காரனோடு ஒரு சண்டை போட்டு முடிப்பதற்குள் அது கடலில் போய் முடிந்துவிடும். வடக்குத் தீவிலிருக்கிற திக்லிபூர் போக வேண்டுமென்றாலும் ஜஹாஜ்தான், கப்பல்தான். தரையில் நெடுந்தூரம் என்ற ஒன்றை இங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் எங்களுக்கு ஒரே இடம், மெயின்லேண்ட். மெட்ராஸும் மெயின்லேண்ட், கல்கத்தாவும் மெயின்லேண்ட், டெல்லியும் மெயின்லேண்ட். பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

வந்ததிலிருந்து திருநாவுக்கரசு ஊருக்குப் போகவே இல்லை. கல்யாணத்தையும் இங்கேயே அலமுவோடு முடித்துக்கொண்டார். "அடுத்த வருசம் பிளேன்ல வர்றேன்" என்று அப்பாவுக்கு வருடா வருடம் சொல்லி அனுப்புவார். தம்பி சண்முகத்தைக் கூட்டி வந்து சாத்தம் மரமில்லில் சேர்த்துவிட்டது மட்டும் அவர் செய்த நல்ல காரியம். சண்முகம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் போய் அப்பாவைப் பார்த்து வருவான். திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போவான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து, "வா வாளி" என்று குரல் வரும்.

அறுபத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தி வந்தது. சண்முகம் பெயருக்குத்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணே, அய்யாவுக்கு ரொம்ப முடியலயாம். உங்களப் பாக்கணும்னு சொல்றாராம். நாளைக்குக் கப்பல் இருக்கு, ரெண்டு பேரும் போயிருவோம்."

திருநாவுக்கரசு தந்தியை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் முகம் சின்னப் பையன் முகம் ஆனது. கப்பல் என்ற சொல் அப்புறம்தான் காதில் விழுந்தது. நாடி உயர்ந்தது.

"கப்பலா? நீ போ. போயி மொதக்க மொதக்க வந்து சேரு. வியாழக்கிழம பிளேன் இருக்கு. ஒனக்கு முன்னால போயி அய்யா தலமாட்டுல நான் உக்காந்திருப்பேன். நீ வர்றப்ப, வா வாளின்னு கூப்புடுவேன்."

"அது கல்கத்தாவுக்குல்லண்ணே போகுது?"

"ஏன்டா, கல்கத்தா மெயின்லேண்டுல இல்லாம தண்ணிக்குள்ளயா கெடக்கு?"

சண்முகத்துக்குத் தெரிந்தது கப்பல் ஒன்றுதான்.

அலமு கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏங்க, தம்பி கூடவே போயிருங்களேன். ஒத்தையில கண் காணாத ஊருக்கு..."

"நீ வளையலக் கழட்டு."

அலமுவின் வளையல்கள் இரண்டும் விமானச் சீட்டாக மாறின.

மறுநாள் சாத்தம் ஜெட்டிக்கு அவர் தம்பியை வழியனுப்ப வந்தார். வழியனுப்ப என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு புது வாளி வாங்கி வந்து, எல்லோரும் பார்க்கத் தம்பி கையில் கொடுத்தார். ஜெட்டியே சிரித்தது. கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த வங்காளிக் கலாசி ஒருவன், "தாதா, ஆப் நஹி ஜாயேகா?" என்று கேட்டான். அண்ணே, நீங்கள் போகவில்லையா?

"ஹம் ஹவா மே ஜாயேகா," என்றார் திருநாவுக்கரசு, வானத்தைக் காட்டி. "தீன் கண்டா." நான் காற்றில் போவேன், மூணு மணி நேரம்.

சண்முகம் வாளியோடு ஏறிக்கொண்டான்.

அடுத்து நடந்ததைத் திருநாவுக்கரசு அலமுவிடம் மட்டும்தான் சொன்னார். அலமு அதைக் குழாயடியில் மட்டும்தான் சொன்னார். ஆகவே ஊருக்கே தெரியும்.

விமானம் சொன்னபடி வியாழக்கிழமை கிளம்பியது. வழியில் ரங்கூனில் இறங்கி ஏறியது. அவருக்கு வாந்தி வரவில்லை. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, "ஒழிஞ்சு போ" என்று தமிழில் சொன்னாராம். பொழுது சாயுமுன்பே கல்கத்தாவில் காலை வைத்தார். தண்ணீர் தாண்டியாகிவிட்டது. மெயின்லேண்ட் வந்தாகிவிட்டது. இனி என்ன அவசரம்?

ஒரு சலூனைப் பார்த்து நுழைந்தார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அப்பா முகத்தில் விழிக்கப் போகிறோம், பரட்டைத் தலையோடு போவதா? கிருதாவைச் சரித்து, பின்னங்கழுத்தைச் சிரைத்து, வாசனை எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பிறகு சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒரு பெட்டி வாங்கினார். பல் இல்லாத அய்யா சப்பிச் சாப்பிடட்டும் என்று மெதுவானதாகப் பார்த்து, ஒன்றை அழுத்திக் காட்டச் சொல்லி வாங்கினார். அதன் பிறகு ஹவுரா ஸ்டேஷனுக்குப் போய், ராமநாதபுரம் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டார்.

கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை கேட்டு, மூன்றாவது முறை பக்கத்து ஆளைக் கூப்பிட்டு அவரையும் கேட்க வைத்தார். மெட்ராஸ் மெயில் இன்றைக்குப் போய்விட்டது, நாளைக்கு வா, அதில் மெட்ராஸ் போய் அங்கே வேறு ஸ்டேஷனில் வேறு வண்டி பிடி என்றார்கள்.

"கித்னா கண்டா?" எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்டார். அவருக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாது.

"கண்டா மத் பூச்சோ," என்றார் கவுண்டர்காரர். மணியைக் கேட்காதே. "தின் பூச்சோ." நாளைக் கேள்.

மறுநாள் ரிசர்வ் இல்லாத பெட்டியில், கக்கூஸ் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டு போனார். இந்த முறை பெஞ்சுக்கு அடியில் இடமில்லை, தூங்கவும் முடியவில்லை. வெளியே தரை. விடிந்தால் தரை. வயல், ஆறு, பாலம், மறுபடி தரை. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும், "மெட்ராஸா?" என்று கேட்டார். "ஒரிசா" என்றார்கள். ரொம்ப நேரம் கழித்து மறுபடி கேட்டார். "இன்னும் ஒரிசாதான்," என்றான் ஒரு கடலைக்காரன். அதற்கு அப்புறம் ஆந்திரா என்று ஒன்று வந்தது. அது முடிவதாகவே இல்லை. "அலமு, இவ்வளவு தரைய எதுக்கு வச்சிருக்கானுங்க?" என்று திரும்பி வந்து மனைவியிடம் கேட்டாராம். குழாயடியில் இந்த இடத்தில் குடம் நழுவும்.

இதற்குள் சண்முகம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். கப்பல் வெள்ளிக்கிழமை காலை மெட்ராஸில் அணைந்தது. அன்று ராத்திரி ரயில், சனிக்கிழமை விடியலில் ஊர். அப்பா பழனிசாமி கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். உயிர் கண்ணில் மட்டும் இருந்தது. அந்தக் கண் சண்முகத்தைத் தாண்டி வாசலைத் தேடியது.

"பெரியவன்?"

"பிளேன்ல வர்றாருய்யா."

கிழவருக்குப் புது உயிர் வந்தது. "என்னத் தூக்கி வெளிய போடுங்கடா" என்றார். கட்டிலைத் தூக்கி வெட்டவெளியில் போட்டார்கள். மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"எங்க எறங்குவான்?"

சண்முகம் திணறினான். கல்கத்தாவைப் பற்றி ஆரம்பித்தான். கிழவர் காதில் வாங்கவில்லை. "கம்மாய் வறண்டுதானே கெடக்கு? கம்மாயில எறங்கச் சொல்லு. ஏ, ஆட்டப் பத்துங்கப்பா, பிளேனு வருதுல்ல."

ஆடு மேய்த்தவர்கள் நிஜமாகவே கண்மாயிலிருந்து ஆட்டை ஓட்டிப்போனார்கள். சாகிற மனிதனின் வார்த்தை. அதோடு, ஒருவேளை வந்துவிட்டால்? ஊரில் யாரும் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. சனிக்கிழமை முழுக்கக் கண்மாய்க்கரையில் கூட்டம் இருந்தது. சுண்டல்கூட விற்றது என்று சண்முகம் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உயரத்தில் ஒரு கழுகு வட்டமடித்தது.

"அதானடா?"

"இல்லய்யா. அது பருந்தோ கழுகோ."

"ம்." கழுகு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன் கீழ வர்றதுக்குள்ள நான் மேல போயிருவேன் போலருக்கே," என்றார் பழனிசாமி. அப்படியேதான் செய்தார். கண்ணை மூடிவிடப் பார்த்தார்கள். மூடவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தகப்பனுக்குத் தலைப்பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். பங்காளிகள் காத்திருந்தார்கள். பிளேனில் வருகிறவன்தானே, இதோ வந்துவிடுவான் என்றார்கள். மத்தியானம் வரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். சித்திரை வெயில். சாயங்காலம் ஆனதும், இனிமேல் தாங்காது, எடுத்துவிடலாம் என்று பெரியப்பா மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். சண்முகம் தலையை மழித்துக்கொண்டு உட்கார்ந்தான். சின்னவன் கொள்ளி வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் பஸ் வந்தது. சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போன கூட்டம் கண்மாய்க்கரையில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரில், கல்கத்தா கிராப்பும் கசங்கிய சட்டையுமாக, கையில் அட்டைப் பெட்டியோடு ஒருவர் வந்தார். முன்னால் மொட்டைத் தலையோடு, காலிப் பால்செம்பு பிடித்து வந்தவனைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

யாரும் அழவில்லை. அழுகை எல்லாம் நேற்றே முடிந்துவிட்டது. ஒரு பங்காளிதான் முதலில் பேசினார்.

"வாங்க தம்பி. பிளேன எங்க நிப்பாட்டிட்டு வர்றீக?"

"பஸ் ஸ்டாண்டுல நிப்பாட்டிருப்பாரு," என்றார் இன்னொருவர். "கம்மாயக் கூட்டி வச்சிருந்தமே, பாக்கலயா?"

"ரெண்டு நாளா ஆடு பட்டினி, மச்சான். அதுக்காச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

பெட்டியிலிருந்து புளித்த வாடை வந்தது. அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "சண்முகம், நான் மொட்ட போட்டுக்கிறேன்டா," என்றார். கூட்டத்தோடு வந்த நாவிதர் அவர் பின்னங்கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்குங்க? அருமையா வெட்டிருக்காக. கல்கத்தாவுலயா?"

கொள்ளி வைத்தவனுக்குத்தான் கருமாதியும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பதினாறு நாளும் திருநாவுக்கரசு ஒரு ஓரமாக, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு மட்டும் முதலில் அவருக்குப் போட்டார்கள். தூரத்திலிருந்து வந்தவர் இல்லையா.

திரும்பும்போது இரண்டு பேரும் கப்பலில் வந்தார்கள். கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸ். மெட்ராஸ் கண்ணை விட்டு மறையுமுன்பே அவருக்கு ஆரம்பித்துவிட்டது. சண்முகம் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் பிடித்தான், முதுகைத் தடவிக் கொடுத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து அந்த வாளியை எடுத்து அண்ணன் மடியில் வைத்தான். அண்ணன் வாங்கிக் கொடுத்த அதே வாளி. போகும்போது அவனுக்கு அது தேவைப்படவே இல்லை, புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

இத்தனையும் செய்தவன் சாத்தத்தில் இறங்கிய மறுநாளே டீக்கடையில் உட்கார்ந்து, அப்பா குரல், பங்காளி குரல், நாவிதர் குரல், அண்ணன் உவ்வே என்று அத்தனையும் செய்து காட்டினான். தம்பியும் சாதாரணப்பட்டவன் இல்லை. எத்தனையோ வருட வாளி அவனுக்குள் நிரம்பியிருந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் திருநாவுக்கரசு சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்டோர் சுவரில் இருந்த நூலை யாரோ அவிழ்த்து, நீளமான வேறு நூலாகக் கட்டிவிட்டார்கள். போர்ட் பிளேயரிலிருந்து ரங்கூன், ரங்கூனிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து கரையோடு கரையாக மெட்ராஸ், பிறகு ராமநாதபுரம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆணி. ஆணியும் அவர் ஸ்டோர் ஆணிதான். செய்தது யாரென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவர் வந்தார், பார்த்தார், மேஜையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். நூலைக் கழற்றவில்லை. ஆணி வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சுண்டு சுண்டிவிட்டுப் போனார்கள். அத்தனை ஊர் சுற்றியதில் நூல் தளர்ந்து கிடந்தது, சத்தம் வரவில்லை. அதனால் அவர்களே வாயால், "மூணே மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வருடா வருடம் பழனிசாமியின் திதி சாத்தம் பாலத்துக்குப் பக்கத்தில் சண்முகம் வீட்டில் நடக்கும். அண்ணன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்துக்குத் திருநாவுக்கரசு வெளிச்சம் வருமுன்பே குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சண்முகம் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிற சண்முகத்தின் மனைவி சுசீலா, படியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் துள்ளுவாள். "ஏங்க, அத்தான் இந்த வருசமும் நேரத்தோட வந்துட்டாக" என்று உள்ளே பார்த்துக் கூவுவாள்.

எழுபத்திரண்டில் திதி வியாழக்கிழமையில் விழுந்தது. சண்முகம் எல்லாம் முடித்து, இலையில் சோற்றைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டான். காகம் வரவில்லை. எப்போதும் நாலைந்து சுற்றுகிற இடம். ஒன்றையும் காணோம். உள்ளே எல்லோருக்கும் பசி. காகம் எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது.

சண்முகம் திரும்பி அண்ணனைப் பார்த்தான். அவன் முகம் சாந்தமாகத்தான் இருந்தது.

"அண்ணே, நீங்க கூப்புடுங்க. உங்களத்தான அவரு எதிர்பாத்துக்கிட்டிருந்தாரு."

இரண்டு பேர் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள். திருநாவுக்கரசு எழுந்து மதிலுக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். "கா" என்றார். மறுபடி, "கா, கா... அய்யா, கா" என்றார். அவரைப் போல் பேச நாடியை உயர்த்த வேண்டும் என்றேனே, இந்தக் குரலுக்கு அது தேவையில்லை. இதை இதுவரை யாரும் சரியாக எடுத்ததில்லை.

மில் கூரையிலிருந்து ஒரு காகம் வந்தது. மதில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. ஒரு தத்துத் தத்தியது. இன்னொரு தத்து. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கை இரண்டும் தானாகக் குவிந்தது. இலை விளிம்பில் அது காலை வைத்தது.

அப்போது கல்கத்தா விமானம் வந்தது. வியாழக்கிழமை விமானம் லம்பாலைன் விமான நிலையத்தில் இறங்க, மரமில்லுக்கு மேலே தாழ்ந்து, ஓடெல்லாம் அதிர வந்தது. காகம் ஒரே எழும்பில் கடல் பக்கம் போய்விட்டது.

சத்தம் அடங்குகிற வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வந்துருச்சுண்ணே," என்றான் சண்முகம். "இப்ப மறுபடி கூப்புடுங்க. சோறு ஆறுது."

திருநாவுக்கரசு கூப்பிட்டார்.